பாதிக் காப்பு

குடியை நிறுத்துவது எப்படி என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். குடி கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. அதைக் குடிக்கிறவன் பெண்டாட்டி என்னைவிட நன்றாகச் சொல்வாள். மேடையும் மைக்கும் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொல்வாள். குடியை நிறுத்தியதால் சாகக் கிடந்த ஒருவனைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன். நீங்கள் புது டாக்டர்கள். கோட்டில் கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. இதைக் கேட்டுவிட்டுப் போனால், நல்லெண்ணத்தில் யாரையும் கொல்லாமல் இருப்பீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் நீங்கள் நினைப்பது மாதிரி இல்லை. ஓட்டுக் கட்டடம், நாலைந்து கட்டில், ஒரு கம்பவுண்டர், பூட்டுப் போட்ட ஒரு மருந்து அலமாரி. குரும்பலூரிலிருந்து செட்டிகுளம் வரைக்கும் யாருக்கு வயிற்றுவலி வந்தாலும் மாட்டுவண்டி எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். வயிற்றுவலியில் பாதி, கள்ளும் சாராயமும் போட்ட வலி.

குடியைக் குறைக்கச் சொன்னால் எல்லோரும் குறைப்பார்கள். வரதராஜன்பேட்டைப் பக்கத்து வியாபாரி ஒருவர், பாதியாகக் குறைத்துவிட்டேன் டாக்டர் என்று சந்தோஷமாக வந்து சொன்னார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கிளறிக் கேட்டேன். அதுவரை சாராயத்தில் கலந்துகொண்டிருந்த தண்ணீரைத்தான் பாதியாகக் குறைத்திருந்தார். இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியார். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, அமாவாசை எதிலும் தொடமாட்டார். விரத நாளுக்கு உண்டான பங்கை முதல் நாளே உள்ளே இறக்கிவிடுவார். இவர்களையெல்லாம் நான் கோபித்துக்கொண்டதில்லை. குறைக்க முடியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவன், குறைத்துவிட்டேன் என்றுதான் சொல்வான். நீங்கள் கேள்வியை ஒழுங்காகக் கேட்கவில்லை என்றால் பொய் உங்களுடையது, அவனுடையது இல்லை.

கதை நடந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். செட்டிகுளம் போகிற பாதையில் இருக்கிறது, அவ்வளவு போதும். அந்த ஊர் மிராசுதார்தான் மது ஒழிப்புக் கமிட்டிக்குத் தலைவர். தலைவர் என்றே சொல்கிறேன், அவருக்கும் அதுதான் பிடிக்கும். சுதந்திரம் வருவதற்கு நாலைந்து மாதம் முந்தி அது. பக்கத்துச் சேலம் ஜில்லாவில் கடைகளை மூடிவிட்டார்கள். எங்கள் ஜில்லாவுக்கும் மதுவிலக்கு சீக்கிரம் வரும் என்று பேச்சு. வருவதற்கு முன்னாலேயே ஊரைத் திருத்திக் காட்டினால் நல்ல பெயர் என்று தலைவருக்கு எண்ணம். கள்ளுக்கடைக்குப் போகும் கள் முழுவதும் தலைவருடைய பனந்தோப்பில் இறங்கியது என்பதை யாரும் மேடையில் சொல்லவில்லை.

தலைவர் குடிக்கமாட்டார். அவர் மருந்து சாப்பிடுவார். திருச்சியிலிருந்து ரயிலில் அரியலூர் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து வில்வண்டியில் வைக்கோலுக்கு நடுவே பத்திரமாக வீடு வந்து சேரும். ஹார்ட்டுக்காக என்பார். காலையில் கொஞ்சம் ஹார்ட்டுக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் பசிக்கு, ராத்திரி கொஞ்சம் தூக்கத்துக்கு. அவர் ஹார்ட்டை நான் பலமுறை குழல் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கோளாறும் இல்லாத, கல் மாதிரியான ஹார்ட்.

இனி மருதை. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவன்தான். ஓடுகிற சக்கரத்தின் பக்கத்திலேயே குனிந்து நடந்துகொண்டு, கட்டையைச் செருகி, நசுங்குவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊர்த் தேருக்கு மருதைதான் கட்டை போடுகிறவன். அவன் அப்பனும் அதே வேலை செய்தவன்.

மருதை குடித்த குடியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். விடிந்ததும் கள், மத்தியானம் கள், பொழுது சாய்ந்தால் சாராயம். இருந்தும் அவன் தள்ளாடி நான் பார்த்ததில்லை. உங்களில் யாராவது, தள்ளாடவில்லை என்றால் பரவாயில்லை, சின்னக் குடிதான் என்று நினைத்தால் இப்போதே அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். அவ்வளவு குடித்தும் ஆடாமல் நிற்கிறான் என்றால் அவன் மூளை அதை வைத்தே நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது அவனைப் பார்த்துத்தான்.

பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாளில் கோயில் வாசலில் கமிட்டிக் கூட்டம் போட்டார்கள். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவன், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் கறி தொடக்கூடாது, குடி தொடக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக்கூடாது. வழக்கமாகக் கோயில் வேலை செய்கிறவர்கள்தான் கட்டிக்கொள்வார்கள். மருதையோ காப்பு இல்லாமலே கட்டை போடுகிறவன். சக்கரத்தடியில் அவனை விட்டால் ஆள் இல்லை என்பதால் ஊர் பார்த்தும் பாராதது மாதிரி இருந்தது. அந்த வருஷம் தலைவருக்கு ஒரு யோசனை. ஊரிலேயே பெரிய குடிகாரனுக்குக் காப்புக் கட்டி, இனி சாகும்வரை குடிக்கமாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லவைத்துவிட்டால், சின்னக் குடிகாரர்கள் தாமாகவே விட்டுவிடுவார்கள். தேரோட்டத்தன்று வெள்ளைக்கார சப்-கலெக்டர் துரை வருவதாக ஏற்பாடு. திருந்தியவனை அவர் முன்னால் நிறுத்த வேண்டும்.

என்னைக் கல்லீரலைப் பற்றிப் பேச மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். மருதை பெயரைக் கூப்பிட்டதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. எழுந்துபோய்த் தலைவர் காதில் சொன்னேன். இவ்வளவு குடிக்கிறவன் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், முதலில் பாதி, அப்புறம் அதில் பாதி, தினமும் நான் வந்து பார்க்கிறேன் என்றேன். தலைவர் நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"டாக்டர் மருதையைப் பாதியா நிறுத்தச் சொல்றாரு. ஏம்ப்பா பூசாரி, நம்ம கோயில்ல பாதிக் காப்புன்னு ஒண்ணு கட்டுறது உண்டா?"

கூட்டம் சிரித்தது. பூசாரி சிரித்தார். மருதைகூடச் சிரித்தான், காலையில் இறக்கிய கள் உள்ளே இருந்ததால். காப்பைக் கட்டி முடித்தார்கள். அதற்குப் பிறகு நான் கல்லீரலைப் பற்றிப் பேசினேன். யாரும் கேட்கவில்லை.

மருதை நழுவிக் கடைக்குப் போய்விடக் கூடாது என்று தலைவர் தன் களத்துமேட்டுக் கொட்டகையில் அவனைப் பத்திரமாக வைத்தார். வாசலில் காவல். மறுநாள் அவன் பெண்டாட்டி செல்லாயி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அதிகம் பேசாதவள், பேசினால் எதையும் சுற்றி வளைக்கமாட்டாள். கை நடுங்குகிறது, கஞ்சிக் கலயத்தைப் பிடிக்க முடியவில்லை, வேர்த்து ஊற்றுகிறது, எதைக் குடித்தாலும் வாந்தி என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைவர் ஊஞ்சலில் உட்கார்ந்து டம்ளரில் ஹார்ட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். வேர்வையாக வெளியேறுவது இத்தனை வருஷத்துக் கள் என்று எனக்கே வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றேன். காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாதே என்றார். கொட்டகைக்குள் போய்ப் பார்க்கவும் என்னை விடவில்லை. மருந்தாவது கொடுங்கள் என்று நடுக்கத்துக்கு ஒரு மிக்ஸ்சரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பூசாரி வாழைக்கு ஊற்றிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கிலீஷ் மருந்தில் ஸ்பிரிட் இருக்குமாம், காப்புக்குத் தீட்டாம்.

அன்று சாயந்திரம் மருதைக்கு வலிப்பு வந்திருக்கிறது. கை காலை வெட்டி, பல்லைக் கடித்துக் கீழே விழுந்தான். உங்களுக்கு அது வலிப்பு. அந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது சாமி. காப்புக் கட்டிய மறுநாளே சாமி இறங்கிவிட்டது என்று ஊர் முழுக்கச் செய்தி. யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சாமி வந்தால் டாக்டரைக் கூப்பிடுவது வழக்கமில்லை.

அடுத்த நாள் காலையில் செல்லாயி மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஓடி வந்திருந்தாள்.

"அவரு மேல சாமி வந்துருச்சுங்குறாங்க. எனக்கு அப்படித் தெரியலைங்க. என்னையப் பார்த்து யாரு நீயின்னு கேக்குறாரு. சாமின்னா என்னையத் தெரியாதாங்க?"

இதற்குமேல் நோயை யாரும் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியதில்லை. அலமாரியைத் திறந்து பாரால்டிஹைடு பாட்டிலை எடுத்துக்கொண்டேன். அந்த நாளில் இதற்கு எங்களிடம் இருந்த நம்பிக்கையான மருந்து அதுதான். நரம்புகளின் கொந்தளிப்பை அடக்கித் தூங்கவைக்கும். ஒரே ஒரு கஷ்டம், அதன் நாற்றம். அது எப்படிப்பட்ட நாற்றம் என்று போகப்போகத் தெரியும்.

களத்துமேட்டில் திருவிழாக் கூட்டம். மருதையைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து மாலை போட்டிருந்தார்கள். சூடம் எரிந்துகொண்டிருந்தது. உடம்பு முழுக்க வேர்வை, கண் சிவந்து, உதடு வெடித்து, இல்லாத எதையோ தோலிலிருந்து கை பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தது. எறும்பு ஏறுது என்றான். பக்கத்தில் இருந்தவர் ஒரு எறும்பும் இல்லாத தன் வேட்டியைப் பயபக்தியோடு உதறினார். திடீரென்று மருதை கட்டிலிலிருந்து குதித்து மண்டியிட்டான். இரண்டு கையாலும் எதையோ தரையில் தள்ளினான்.

"கட்டையப் போடு. தேரு ஓடுது. கட்டையப் போடு, அடேய், ஆளு நசுங்குறான்."

சுரவேகத்தில் மனிதன் தன் தொழிலைத்தான் செய்வான். தையற்காரன் இல்லாத ஊசியில் நூல் கோர்ப்பான். மருதை ஓடாத தேரை நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் பயம் உண்மையானது. அந்தத் தேர் அவன் மேலேயே வந்துகொண்டிருந்தது. ஆனால் சுற்றி நின்றவர்களுக்கு அது அருள்வாக்கு. இந்த வருஷம் தேர் ஓடக்கூடாது என்று சாமி சொல்கிறது என்றார் ஒருவர். துரைக்கு அழைப்பு அனுப்பியிருந்த தலைவருக்கு இது ஒத்துவரவில்லை. தேர் இப்போதே ஓட வேண்டும் என்று சாமிக்கு அவசரம், அதைத்தான் சொல்கிறது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பிறகு தன் பங்குக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, ஜில்லா போர்டுத் தேர்தலில் தன் ஜாதகம் எப்படி என்று மருதையிடம் கேட்டார். மருதை அவரைப் பார்த்து, "நவுருய்யா, சக்கரத்துல மாட்டிக்காத" என்றான். எதிரிகளைப் பற்றி எச்சரிக்கிறது என்று தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எண்ண முடியாத ஓட்டம். உடம்பு கொதித்தது. இப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் இதயம் நின்றுவிடும் என்று தெரிந்தது. வாயில் கொடுக்கலாம் என்று பாட்டிலைத் திறந்தேன். திறந்த மாத்திரத்தில் கொட்டகை முழுக்க நாற்றம். பாரால்டிஹைடு வாடை, மட்டமான சாராய வாடையைக் காட்டிலும் மட்டமான ஒரு சாராய வாடை. டாக்டர் சாராயம் ஊத்துறாரு என்று யாரோ சொன்னார்கள். பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்க ஒரு கை வந்தது. இது மருந்து, இவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். தலைவர் என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார்.

"சாமி இறங்குன ஒடம்பு சாவுமா டாக்டர்?"

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கொட்டகை வாய்க்கும். உங்களுக்குத் தெரிந்தது உண்மை. எதிரே நிற்கிறவர்கள் முட்டாள்கள் என்றும் உங்களுக்குத் தோன்றும். இது சாமி இல்லை, வியாதி என்று கத்த வேண்டும்போல் இருக்கும். எனக்கும் இருந்தது. கத்தியிருந்தால் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். என் உண்மை பத்திரமாக இருந்திருக்கும், மருதை செத்திருப்பான். ஜெயிக்க வேண்டியது வாதத்தையா ஆளையா என்று அந்த நேரத்தில் ஒரு முடிவுக்கு வரவேண்டும். நான் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன். பூசாரியிடம் திரும்பி, பணிவாகத்தான், காப்பைப் பற்றியே கேட்டேன். காப்புக் கட்டினவனுக்குச் சாவுத்தீட்டு மாதிரி ஏதாவது வந்துவிட்டால் அந்தக் காப்பை என்ன செய்வீர்கள்?

பூசாரி தன் துறைக் கேள்வி என்பதால் கோபப்படாமல் யோசித்தார். அப்படி வந்தால் வீட்டில் இன்னொருத்தர் வாங்கிக் கட்டிக்கொள்வது உண்டு, விரதம் அவர்கள் இருப்பார்கள் என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள் செல்லாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மருதையின் கையைப் பிடித்தாள். அவன் உதறினான், இவள் விடவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"காப்பு சாமிக்குத்தானே. யாரு கையில இருந்தா என்ன. நான் கட்டிக்கிறேன், நான் விரதம் இருக்கேன். அவர வண்டியில ஏத்துங்க."

பூசாரியிடம் கையை நீட்டினாள். பூசாரி தலைவரைப் பார்த்தார். துரை வரும்போது யாரைக் காட்டுவது என்றார் தலைவர். செல்லாயி நீட்டிய கையை மடக்கவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது காப்புக் கேட்கிற ஒரு சுமங்கலியிடம் மாட்டேன் என்று எந்தப் பூசாரி சொல்வார்? கட்டினார். காப்பு அவிழ்ந்த மருதை வெறும் மருதை. சாமி போய்விட்டது என்று கூட்டத்துக்குச் சுவாரசியம் குறைந்தது. மாலையைக்கூட யாரோ கழற்றி எடுத்துக்கொண்டார்கள். வண்டியில் ஏற்ற ஆள் தேடவேண்டியிருந்தது.

எல்லைக்கல்லைத் தாண்டியதும் வண்டியிலேயே மருந்தைக் கொடுத்தேன். காப்புக் கட்டினவள் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டாள். புருஷன் பிழைப்பானா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

மருதை தூங்கினான். எழுப்பி எழுப்பி உப்புப் போட்ட கஞ்சியும் தவிட்டுக் கஷாயமும் கொடுத்தோம். கம்பவுண்டர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். மருதையின் மூச்சிலெல்லாம் அந்த மருந்தின் நாற்றம். ஒரு முழு நாளுக்குமேல் தூங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தான். சுரம் இல்லை. சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தேரு நின்னுச்சாங்க?"

நின்றுவிட்டது என்றேன்.

தேரோட்டத்துக்கு அவனுக்கு நடக்கத்தான் தெம்பு வந்திருந்தது. கட்டை போட அவன் பங்காளி இறங்கினான்; மருதை தெருவோரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். சரிவான தெரு அது. வேகம் எடுத்த சக்கரத்துக்குக் கீழே பங்காளி பெரிய கட்டையாகப் பார்த்து நேராக வைக்கப் போனான். மருதை, நேராக வைக்காதே, நேராக வைத்தால் அச்சு முறிந்துவிடும், சாய்த்து வை, சக்கரம் கொஞ்சம் ஏறி இறங்கட்டும், அடுத்த கட்டையைக் கொடு என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தான். தேர் ஒவ்வொரு கட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைவிட்டு நின்றது. அதற்குப் பிறகு, குடியை எப்படி விடுவது என்று கேட்கிற நோயாளி யாருக்கும் நான் வேறு விளக்கம் சொன்னதில்லை.

உங்கள் புத்தகத்தில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் வந்துவிட்டன. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சாராயம் மூளையை அமுக்குகிறது. தினமும் அமுக்கினால் மூளை சும்மா இருக்காது, நிமிர்ந்து நிற்பதற்காகத் தன் பங்குக்கு எதிர்ப்பக்கம் உந்த ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் உந்திப் பழகிவிடும். ஒருநாள் சாராயத்தை எடுத்துவிட்டீர்கள். உந்துகிறது மட்டும் நிற்கவில்லை. தடுக்க ஆள் இல்லாமல் அதே வேகத்தில் ஓடும். அந்த ஓட்டம்தான் நடுக்கம், வேர்வை, வலிப்பு, இல்லாத எறும்பு. குடிகாரனுக்கு மனவுறுதி இல்லை என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருதைக்கு உறுதி இருந்தது. அதனால்தான் சாகக் கிடந்தான். உறுதி இல்லாதவன் கொல்லைப்புற வேலியைத் தாண்டிக் கடைக்கு ஓடிப் பிழைத்திருப்பான்.

துரை வந்தார். மேடையில் காப்போடு திருந்திய ஆள் வேண்டும். காப்பு இருந்தது செல்லாயி கையில்தான். தலைவர் கொஞ்சமும் தயங்காமல் அவளையே மேடையேற்றி, குடியை விட்டவர் என்று துரைக்கு இங்கிலீஷில் அறிமுகப்படுத்தினார். பிறந்ததிலிருந்து கள் மொந்தையை மோந்துகூடப் பார்க்காதவள். அவளுக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை, புரிந்த நான் வாயைத் திறப்பதற்குள் துரை மிகவும் மனம் உருகி, இப்போதும் குடிக்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டுவிட்டார். கேள்வி தமிழில் வந்ததும்தான் செல்லாயிக்குத் தான் யார் என்று தெரிந்தது. தலைவரைப் பார்த்தாள், பிறகு துரையைப் பார்த்தாள்.

"இத்தினி நாளும் தோணுனதில்லைங்க. இவங்க பேச்சக் கேக்கையிலதான் தோணுது."

முன்வரிசை வெடித்துச் சிரித்தது. கமிட்டியின் பேச்சைக் கேட்ட நாள்முதல் தோன்றவே இல்லை என்கிறாள் என்று தலைவர் மொழிபெயர்த்தார். துரை எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். எங்கள் பகுதியில் அரசாங்கத்துக்குத் தெரிந்து குடியை விட்ட முதல் ஆள், குடிக்கவே குடிக்காத செல்லாயிதான்.

இதோடு மருதை திருந்திவிட்டான் என்று நினைத்தால் நீங்கள் கமிட்டியில் சேரலாம். சாவைப் பார்த்துவிட்டு வந்தவன் மறுபடி குடிப்பானா என்று கேட்பீர்கள். குடிப்பான். நடுக்கம் ஒரு வியாதி, வேட்கை இன்னொரு வியாதி. முதலாவது சில நாளில் போய்விடும். இரண்டாவது உள்ளேயே படுத்திருக்கும், எழுப்ப ஒரு வாசனை போதும். மருதை கழனிக்குப் போகிற பாதை தலைவர் தோப்பு வழியாக. விடியற்காலையில் மரத்திலிருந்து கலயம் இறங்குகிற நேரம். அந்த நுரை வாசனை பட்டதும் நாக்கில் எச்சில் ஊறி, நெஞ்சு அடித்துக்கொண்டு, கால் தானாகத் திரும்புகிறது என்று அவனே என்னிடம் சொன்னான். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் அது வந்த மாதிரியே தணிந்துவிடும், வயிறு நிறையக் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பு, வேறு பாதையில் போ என்றேன். போனான். சில மாதம் போனான். ஆடிப் பெருக்கன்று பழைய பாதையில் போய்விட்டான். பிறகு தினமும் போனான்.

அவனாகவே ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தான், செல்லாயியோடு. தலையை நிமிர்த்தவில்லை.

"அய்யா, இந்தத் தடவை கட்டையச் சாய்ச்சுப் போடுங்க."

செல்லாயி ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். சாமி வேண்டாம், சத்தியம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், டம்ளர் அவள் கையில் இருக்க வேண்டும். அப்படியே செய்தோம். சாராயம் முதலில் போயிற்று. கள்ளை அவள் அளந்து ஊற்றினாள். வாரம் போகப்போக டம்ளரில் அளவு இறங்கியது. கை நடுங்கினால் அந்த வாரம் இறக்கமாட்டாள். பொய் சொல்லிக் கூடக் கேட்டால் அவன் கையைத்தான் பார்ப்பாள், வாயைக் கேட்கமாட்டாள். அவள் செய்த அந்த வைத்தியத்தைத்தான் நான் பிறகு எத்தனையோ பேருக்கு என் வைத்தியமாகச் செய்தேன். அறுவடைக்குள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். நடுவில் இரண்டொரு தடவை வழுக்கினான். வழுக்கினால் மறுநாள் வந்து சொன்னான். நான் திட்டவில்லை.

பிறகு எங்கள் ஜில்லாவுக்கும் மதுவிலக்கு வந்தது. நல்ல சட்டம். ஆனால் சட்டமும் கட்டையை நேராகத்தான் வைத்தது. கடைகளை ஒரே நாளில் மூடினார்கள். குடிக்கிறவன் என்ன ஆவான் என்று எங்கள் ஆஸ்பத்திரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மருதையைப் பார்த்திருந்ததால் நான் முன்கூட்டியே பாரால்டிஹைடுக்கு எழுதிப் போட்டு, நச்சரித்து வாங்கி அலமாரியில் நிரப்பியிருந்தேன். கட்டில் போதவில்லை, பாய் விரித்துப் படுக்கவைத்தோம். நடுங்குகிறவர்களைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மருதை வந்தான். எறும்பு என்று அலறுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் ஏறுச்சுடா, அது போயிரும் என்பான். பாரால்டிஹைடைவிட அது சீக்கிரம் வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம் திரை போட்ட வில்வண்டி ஒன்று பின்வாசல் பக்கம் வந்து நின்றது. தலைவர். அரியலூர் ஸ்டேஷனுக்கு ஹார்ட்டுக்கான பார்சல் வருவது நின்றுபோயிருந்தது. போர்வைக்குள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று வெளியே சொல்லச் சொன்னார். அப்படியே சொன்னோம். அவர் மேல் சாமி வந்திருப்பதாக ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. மருந்தை வாங்கக் கை நீட்டினார். டம்ளர் வாய் வரைக்கும் போகவில்லை. மருதை பின்னால் உட்கார்ந்து அவரை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டான். கட்டிலிலிருந்து கீழே சரிகிறோம், யாரோ இழுக்கிறார்கள் என்று பயந்து அவன் கையை நகம் பதியப் பற்றினார் அவர்.

"ஒண்ணும் ஆவாதுங்க. நான் பிடிச்சிருக்கேன். தேரு நிக்கும்ங்க, பயப்படாதீங்க."

தலைவர் அழுதார். குடிகாரன் அழுவதைப் பார்த்தால் எனக்குச் சாதாரணமாக மனம் இளகாது. அன்றைக்கு இளகியது.

செல்லாயி கஞ்சிக் கலயத்தோடு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கலயத்தை இறக்கிவைத்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் என்னைக் கேட்டாள்.

"இவருக்கு எப்படிங்க டாக்டரய்யா, முழுக் காப்பா, பாதிக் காப்பா?"

தலைவர் போர்வைக்குள்ளிருந்து, பாதி என்றார்.